பாட்டு எழுதினவர் பேர் எங்கே?

உங்க லேப்டாப்ல இருக்கிற ஏதாவது ஒரு பழைய தமிழ்ப் பாட்டு எம்பி3 ஃபைலை எடுத்து, ரைட் கிளிக் பண்ணி, ப்ராப்பர்ட்டீஸ்ல டீடெய்ல்ஸ் பக்கத்தைப் பாருங்க. படத்தோட பேர் இருக்கும். கூடவே ஏதோ ஒரு டவுன்லோட் சைட்டோட பேரும் ஒட்டிக்கிட்டு இருக்கும். பாடினவர் இடத்துல இசையமைப்பாளர் பேர் இருக்கும். வருஷம் காலியா இருக்கும், இல்லைன்னா யாரோ அந்த ஃபைலை ஏத்தின வருஷம் இருக்கும். பாட்டு எழுதினவர் பேரைத் தேடினா பெரும்பாலும் எங்கேயும் கிடைக்காது.

நான் சொல்ல வர்றது ஒரே ஒரு விஷயம்தான். அந்தப் பேரை எழுத ஃபைலுக்குள்ளேயே இடம் இருக்கு. 1998-லேர்ந்து இருக்கு. அது காலியா கிடக்கிறதுக்கு டெக்னாலஜியைக் குறை சொல்ல முடியாது. பேர் எழுதுற பழக்கம் நம்மகிட்ட இல்லை, அவ்வளவுதான். டெர்மினல்ல நாலு வரி தெரிஞ்சா ஒரு சாயங்காலத்துல இதைச் சரி பண்ணிடலாம். சிஎஸ்இ, மெக்கானிக்கல், சிவில்னு எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் சரி.

வாலில் இருந்து தலைக்கு

எம்பி3 வந்த புதுசுல அதுக்குள்ள சத்தம் மட்டும்தான் இருந்தது. என்ன பாட்டு, யார் பாடினதுன்னு எழுதி வைக்க வழி இல்லை. 1996-ல எரிக் கெம்ப் என்பவர் ஒரு எளிய வேலை செஞ்சார். ஃபைலோட கடைசியில 128 பைட்டை வால் மாதிரி ஒட்டினார். அதுதான் ஐடி3 டேக். 'டேக்'ங்கிற மூணு எழுத்துக்கு 3 பைட், பாட்டுப் பேருக்கு 30, பாடினவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருஷத்துக்கு 4, குறிப்புக்கு 30, வகைக்கு 1. கூட்டிப் பாருங்க, சரியா 128 வரும்.

30 பைட்ல நம்ம ஊர்ப் பேருங்க அடங்குமா? எஸ்.பி. பாலசுப்ரமணியம் பேரை ஆங்கிலத்துல வழக்கமா எழுதுற ஸ்பெல்லிங்ல முழுசா எழுதி, ஒரு கமா போட்டு, கே.எஸ். சித்ரா பேரை ஆரம்பிச்சுப் பாருங்க. சித்ராவோட முதல் ரெண்டு எழுத்து, சி-யும் ஹெச்-சும் விழுந்த உடனே இடம் தீர்ந்துடும். ஒரு டூயட்டுக்கே இந்த நிலைமை. தமிழ் எழுத்தை அது கணக்குலயே வச்சுக்கலை. இன்னைக்கு நாம பயன்படுத்துற யூடிஎஃப்-8 முறையில ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் ஆகும். புள்ளி தனி, கால் தனி, கொம்பு தனி. அந்தக் கணக்குல 'இளையராஜா' 24 பைட், எப்படியோ உள்ளே வந்துடுவார். 'எம்.எஸ்.விஸ்வநாதன்' 50 பைட், வெளியே நிப்பார்.

வகைக்கு இருந்த அந்த ஒரு பைட்டுக்கு ஒரு பட்டியல் வச்சிருந்தாங்க. 0-லேர்ந்து 79 வரைக்கும் மொத்தம் 80 வகை. போல்கா நடனத்துக்கு 75-ஆம் நம்பர். பிராங்க் பண்ற ஆடியோவுக்குக்கூட 23-ஆம் நம்பர் உண்டு. கர்நாடக சங்கீதத்துக்கும் கானாவுக்கும் நம்பர் கிடையாது. சினிமாப் பாட்டை 24-ஆம் நம்பர் சவுண்ட்டிராக்ல தள்ளிடலாம்.

எழுதினவருக்கு அந்த 128-ல ஒரு பைட்கூட இல்லை. ஒரு பேண்ட், ஒரு ஆல்பம், ஒரு பாட்டுங்கிற கணக்குல போட்ட படிவம் அது. நம்ம சினிமாப் பாட்டு அப்படிப் பிறக்கிறது இல்லை. ஒருத்தர் மெட்டு போடுவார், இன்னொருத்தர் வரி எழுதுவார், வேற ரெண்டு பேர் பாடுவாங்க. நாலு பேர் வேலையை ஒரே 'ஆர்ட்டிஸ்ட்' கட்டத்துல திணிச்சா, மூணு பேர் கீழே விழுந்துதான் ஆகணும்.

1998-ல ஐடி3வி2 வந்துச்சு. இது ஃபைலோட தலையில உட்காரும். 1999-ல 2.3, 2000-ல 2.4னு அடுத்தடுத்து திருத்தினாங்க. இதுல ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு ஃபிரேம் உண்டு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நாலு எழுத்துப் பேர். பாடினவருக்கு டிபிஇ1, மெட்டு போட்டவருக்கு டிசிஓஎம், வரி எழுதினவருக்கு டி-இ-எக்ஸ்-டி, அதாவது 'டெக்ஸ்ட்'. மொத்த டேக் 256 எம்பி வரைக்கும் போகலாம், அதனால யார் பேரும் பாதியில வெட்டுப்படாது. வகையை நம்பராத்தான் குறிக்கணும்னு கட்டாயம் இல்லை. 'தெம்மாங்கு'ன்னே எழுதிக்கலாம்.

ஒரு உதாரணம். 2014-ல வந்த 'சைவம்' படத்துல ஒரு பாட்டுக்காக நா. முத்துக்குமாருக்குத் தேசிய விருது கிடைச்சது. அதே பாட்டைப் பாடின உத்தரா உன்னிகிருஷ்ணனுக்கும் தேசிய விருது. இசை ஜி.வி. பிரகாஷ் குமார். அதுக்கு முந்தின வருஷம்தான் 'தங்க மீன்கள்' பாட்டுக்காக முத்துக்குமார் அதே விருதை வாங்கியிருந்தார். 2016-ல, 41 வயசுல, இறந்துட்டார். என் லேப்டாப்ல இருந்த 'சைவம்' பாட்டு ஃபைலைத் திறந்தா ஆர்ட்டிஸ்ட் இடத்துல ஜி.வி. பிரகாஷ் பேர் மட்டும் இருந்தது. ரெண்டு தேசிய விருது வாங்கின பாட்டு, விருது வாங்கின ரெண்டு பேரோட பேரும் ஃபைல்ல இல்லை. டிபிஇ1, டெக்ஸ்ட் ரெண்டு ஃபிரேமையும் நிரப்ப எனக்கு ஆன நேரம் ஒரு நிமிஷத்துக்கும் குறைவு.

ஏன் டெர்மினல்?

அஞ்சு பாட்டுதான்னா டெர்மினல் வேண்டாம். கிட்3, எம்பி3டேக் மாதிரி நல்ல சாஃப்ட்வேர் இருக்கு, மவுஸ்லயே முடிச்சிடலாம். 500 ஃபைல் இருந்தா கதையே வேற.

பைத்தான் இருக்கிற கம்ப்யூட்டர்ல பிப் மூலமா 'மியூட்டாஜென்' லைப்ரரியைப் போட்டா, கூடவே 'மிட்3வி2'ன்னு ஒரு கமாண்ட் வரும். அதுக்குப் பின்னாடி ஒரு கோடும் சின்ன எல்-லும் போட்டு ஃபைல் பேரைக் கொடுத்தா, உள்ளே இருக்கிற எல்லா ஃபிரேமையும் வரிசையா காட்டும். முதல் தடவை பார்க்கும்போது அசந்துடுவீங்க. பிளேயர்ல கண்ணுக்கே தெரியாத எத்தனையோ குப்பை உள்ளே இருக்கும். குறிப்புல ஒரு சைட் பேர், பதிப்பாளர் இடத்துல இன்னொரு சைட் பேர், ஆல்பம் படம்னு ஒரு விளம்பரப் படம். டெர்மினல் எதையும் மறைக்காம காட்டும், நான் அதைப் பிடிச்சுக்கிட்டதுக்கு முதல் காரணம் அதுதான்.

எழுதுறதும் கஷ்டம் இல்லை. கோடு போட்டு சின்ன ஏ-ன்னா பாடினவர், பெரிய ஏ-ன்னா ஆல்பம், சின்ன டி-ன்னா பாட்டுப் பேர். ரெண்டு கோடு போட்டு ஃபிரேமோட நாலு எழுத்தையும் பெரிய எழுத்துல கொடுத்தா எந்த ஃபிரேமை வேணும்னாலும் நிரப்பலாம். டெக்ஸ்ட் ஃபிரேமுக்குப் பக்கத்துல மேற்கோள் குறிக்குள்ள கவிஞர் பேர், கடைசியில ஃபைல் பேர். முடிஞ்சது. ஒரு படத்துல எல்லாப் பாட்டையும் ஒரே கவிஞர் எழுதியிருந்தா இன்னும் சுலபம். '7ஜி ரெயின்போ காலனி' பாட்டு எல்லாமே நா. முத்துக்குமார் எழுதினது. அந்த ஃபோல்டர்ல நின்னுக்கிட்டு, ஃபைல் பேருக்குப் பதிலா நட்சத்திரக் குறியும் புள்ளி எம்பி3-யும் போட்டா, ஒரே வரியில எல்லாத்துக்கும் பேர் ஏறிடும்.

இதுல சத்தத்துக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. டேக் வேற, ஆடியோ டேட்டா வேற. ஆனா எஃப்எஃப்எம்பெக் வச்சு டேக் மாத்துறவங்க ஒண்ணைக் கவனிக்கணும். கோடெக்கைக் 'காப்பி'ன்னு சொல்லலைன்னா அது பாட்டை மறுபடியும் கம்ப்ரெஸ் பண்ணிடும், தரம் குறையும். அது அதே ஃபைல் மேலயே எழுதவும் செய்யாது, புது ஃபைல் பேர் கொடுக்கணும். எந்தக் கருவியா இருந்தாலும் முதல்ல ஃபோல்டரை ஒரு காப்பி எடுத்துட்டு, ஒரே ஒரு ஃபைல்ல ஓட்டிப் பார்த்துட்டு, அப்புறம் மொத்தத்துக்கும் ஓட்டுங்க. தலையில திருத்தினதும் வாலைப் பார்க்க மறந்துடாதீங்க. சில பிளேயர் இன்னும் அந்தப் பழைய 128 பைட்டைப் படிச்சு, போன டவுன்லோட் சைட் பேரைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தும்.

தமிழ்லயே எழுதலாமா?

எழுதணும்னுதான் நான் சொல்வேன். நான் எல்கேஜி-லேர்ந்து இங்கிலீஷ் மீடியம். பேருங்களை ஆங்கிலத்துல எழுதுறது எனக்கும் சுலபம்தான். ஆனா பாலசுப்ரமணியம்ங்கிற பேரை ஆங்கிலத்துல எழுதச் சொன்னா வகுப்புல பத்து பேர் பத்து விதமா எழுதுவோம். ஹெச் போட்டு, போடாம, ஒய் போட்டு, ஐ போட்டு. பிளேயருக்கு அது ஒவ்வொண்ணும் வேற வேற ஆள். சித்ராவோட பாட்டு நாலு பேருக்குக் கீழே சிதறிக் கிடக்கும். தமிழ்ல எழுதினா இந்தத் தொல்லை முழுசா போகாது, ரகுமானா ரஹ்மானான்னு அங்கேயும் சண்டை உண்டு. ஆனா ரொம்பக் குறையும். ஒரு வடிவத்தை முடிவு பண்ணிட்டு, ஸ்கிரிப்ட்ல அதையே எல்லா இடத்துலயும் போட்டா போதும்.

தமிழ்ல எழுதினா பிளேயர்ல குப்பையா தெரியுதுன்னு சிலர் சொல்வாங்க. அந்தக் குப்பையைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. சின்ன ஏ மேல ஒரு சாய்ந்த கோடு, பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர் போட்ட டிரேட்மார்க் குறி, இது ரெண்டும் திரும்பத் திரும்ப வரும். தமிழ் எழுத்துங்க பெரும்பாலும் யூடிஎஃப்-8ல ஒரே மாதிரியான ரெண்டு பைட்டோட ஆரம்பிக்கும். அந்த ரெண்டையும் லத்தீன் எழுத்துன்னு நினைச்சுப் படிச்சா இப்படித்தான் தெரியும். டேக்ல ஒவ்வொரு எழுத்து ஃபிரேமுக்கும் முதல் பைட், இது என்ன என்கோடிங்னு சொல்றதுக்காக இருக்கு. அந்த ஒரு பைட் தப்பா இருந்தா பேர் மொத்தமும் கெட்டுடும். யூடிஎஃப்-8 2.4-ல மட்டும்தான் உண்டு. 2.3-ல தமிழ் எழுத யூடிஎஃப்-16 வேணும். பழைய பிளேயர், சில கார் ஸ்டீரியோ 2.4-ஐப் படிக்கத் தடுமாறும். அதுக்காக ஐடி3 பதிப்பு 3 வேணும்னு எஃப்எஃப்எம்பெக்ல கேட்கலாம். ஸ்டீரியோவுல தமிழ் ஃபான்ட்டே இல்லைன்னா கட்டம் கட்டமாத்தான் தெரியும், அதுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது. காருக்குன்னு ஆங்கிலத்துல தனி காப்பி வச்சுக்கோங்க. ஃபிளாக், ஓபஸ் மாதிரி வடிவங்கள்ல இந்தத் தலைவலியே இல்லை. அதுல டேக் எப்பவும் யூடிஎஃப்-8 தான்.

"இப்ப யார் மச்சி ஃபைல் வச்சிருக்கா?"

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். எல்லாரும் ஆப்ல கேக்குறோம், உண்மைதான். ஆனா ஆப்ல திரையில வர்ற பேரும் யாரோ ஒருத்தர் ஒரு படிவத்துல டைப் பண்ணினதுதான். அங்கே காலியா விட்டா அங்கேயும் காலிதான்.

அந்தப் பேருக்குச் சட்டத்துலயும் மதிப்பு உண்டு. 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம், தன் படைப்பைத் தன்னுதுன்னு சொல்லிக்கிற உரிமையை 57-ஆம் பிரிவுல படைப்பாளிக்குக் கொடுக்குது. 2012-ல அந்தச் சட்டத்தைத் திருத்தினாங்க. பாட்டு சினிமா தியேட்டருக்கு வெளியே பயன்படும்போது வர்ற ராயல்டியில எழுதினவருக்கும் இசையமைச்சவருக்கும் சம பங்கு உரிமை வந்தது. அதே திருத்தத்துல 65பி-ன்னு ஒரு பிரிவும் சேர்ந்தது. எழுதினவர் யார், பாடினவர் யார், உரிமை யாருக்குன்னு அடையாளம் காட்டுற தகவலைத் தெரிஞ்சே, அனுமதி இல்லாம நீக்கினாலோ மாத்தினாலோ ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை. டவுன்லோட் சைட்டுக்காரன் கவிஞர் பேரை எடுத்துட்டுத் தன் பேரை ஒட்டுறதைச் சின்ன விஷயம்னு சட்டம் நினைக்கலைன்னு அர்த்தம்.

நம்ம பென்டிரைவ்ல இருக்கிற ஃபைலுக்கு டேக் போட்டா எந்தக் கவிஞருக்கும் பணம் போகாது. அதை நான் மிகைப்படுத்த விரும்பலை. ஆனா எழுதினவர் யார்னு கேக்குற பழக்கம் கேக்குறவங்ககிட்ட இருந்தாத்தான், அதைக் காட்டணும்ங்கிற கட்டாயம் ஆப் செய்றவங்களுக்கு வரும். நாளைக்கு அந்த மாதிரி ஆப்பை எழுதப்போறதும் நம்ம பேட்ச் பசங்கதானே?

ஆப்ல கிடைக்காத பாட்டு

எந்த ஆப்லயும் கிடைக்காத ஆடியோ எல்லார் வீட்டுலயும் இருக்கு. எங்க வீட்டுல அப்பத்தா பாடின பதினோரு பாட்டு அப்பா போன்ல இருந்தது. நடவுப் பாட்டு, தாலாட்டு, ரெண்டு ஒப்பாரி. எல்லாமே வாட்ஸ்அப் வாய்ஸ் நோட். அப்பத்தா போன வருஷம் தவறிட்டாங்க. ஃபைல் பேர் எல்லாம் பிடிடி, ஒரு தேதி, டபிள்யூஏ, நாலு நம்பர். அதைத் தவிர உள்ளே ஒரு தகவலும் இல்லை. அதுல ஒரு ஒப்பாரியைப் பாடுறது அப்பத்தாவா, அவங்க தங்கச்சி சின்ன அப்பத்தாவான்னு அப்பாவுக்கும் அத்தைக்கும் இன்னும் முடிவு வரலை. ரெக்கார்ட் பண்ணி நாலு வருஷம்கூட ஆகலை, அதுக்குள்ளயே இந்தச் சந்தேகம்.

நான் உட்கார்ந்து டேக் போட்டேன். ஆர்ட்டிஸ்ட் இடத்துலயே நின்னுட்டேன். வீட்டுல எல்லாருக்கும் அவங்க அம்மா, அத்தை, அப்பத்தா. ரேஷன் கார்டுல ஒரு பேர், ஊர்ல கூப்பிடுறது வேற பேர். "அம்மா கையெழுத்துப் போட்ட பேரைப் போடுப்பா"ன்னு அத்தை சொன்னாங்க. எழுதினவர் இடத்துல யாரைப் போடுறது? அப்பத்தா அவங்க அம்மாகிட்ட கேட்டுப் பாடினது, அந்தம்மா யார்கிட்ட கேட்டாங்களோ. அந்த இடத்தைக் காலியாவே விட்டேன். குறிப்புல 'அம்மாவிடம் கேட்டுப் பாடியது'ன்னு எழுதி ஊர் பேரையும் மாசத்தையும் போட்டேன். சந்தேகம் இருக்கிற அந்த ஒப்பாரியில ரெண்டு பேர் பேரையும் போட்டு, சந்தேகம்னே எழுதியிருக்கேன். தெரியாததைத் தெரியாதுன்னு எழுதி வைக்கிறதும் ஒரு தகவல்தான்.

வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் ஓபஸ் வடிவத்துல இருக்கும். அதுக்கு 'ஓபஸ்டேக்ஸ்'னு ஒரு சின்ன கமாண்ட் இருக்கு. இதுல ஃபீல்டு பேரை நாமளே வச்சுக்கலாம். பேர் ஆங்கில எழுத்துல இருக்கணும், உள்ளே எழுதுறது தமிழ்ல இருக்கலாம். ஒரே ஃபீல்டை ரெண்டு தடவை போடலாம், அதனால ரெண்டு பேர் பாடினா ரெண்டு வரி. டேக் போட்ட ஃபைலைச் சொந்தக்காரங்களுக்கு அனுப்பும்போது ஆடியோவா அனுப்பாம டாக்குமென்ட்டா அனுப்புங்க. ஃபைல் அப்படியே போய்ச் சேரும்.

நம்ம காலேஜ்ல

நம்ம கல்ச்சுரல்ஸ் ரெக்கார்டிங் எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. தமிழ் மன்றப் பட்டிமன்றம், லைட் மியூசிக், சீனியர் ஒருத்தர் சொந்தமா மெட்டு போட்ட பாட்டுகூட அதுல இருக்கு. ஃபைல் பேர் 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் ஃபைனல்'. யார் பாடினது, யார் எழுதினது, எந்த வருஷம்னு தெரிஞ்ச கடைசி ஆளுங்க எங்க பேட்ச். ஏப்ரல் முடிஞ்சா நாங்க கிளம்பிடுவோம். அடுத்த வருஷம் ஜூனியருக்கு அது வெறும் சத்தம்தான்.

அதனால இந்த செமஸ்டர் முடியறதுக்குள்ள இதைச் செய்யலாம்னு ஒரு யோசனை. ஒரு ஷீட் போடுவோம். ஃபைல் பேர், நிகழ்ச்சி, பாடினவர், எழுதினவர், மெட்டு, வாசிச்சவங்க, வருஷம்னு ஏழு காலம். ரெக்கார்டிங்கைக் கேட்டு, தெரிஞ்ச பேரைத் தமிழ்ல டைப் பண்ண நாலஞ்சு பேர் போதும். பாடினவங்ககிட்டயே ஒரு மெசேஜ் போட்டு, பேரைப் போடலாமா, எப்படிப் போடணும்னு கேட்டுக்கலாம். ஷீட் தயாரானதும் சிஎஸ்வியா சேவ் பண்ணினா, முப்பது வரி பைத்தான் ஸ்கிரிப்ட் மிச்ச வேலையைப் பார்த்துக்கும். வேவ் ஃபைலை எல்லாம் ஃபிளாக்கா மாத்திடலாம். தரம் குறையாது, அளவு குறையும், 'மெட்டாஃபிளாக்' கமாண்ட் வச்சு பேரும் போடலாம். ஸ்கிரிப்ட்டை ஜூனியருக்குக் கொடுத்துட்டா, அடுத்த வருஷக் கல்ச்சுரல்ஸ் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரியே அவங்க டேக் போட்டுடுவாங்க.

ஸ்கிரிப்ட் பக்கத்தை நான் பார்த்துக்கிறேன். பழைய பேட்ச் ரெக்கார்டிங்ல குரலைக் கேட்டே ஆளைச் சொல்லத் தெரிஞ்சவங்கதான் இப்ப வேணும். அப்படி யாராவது உங்க வகுப்புல இருந்தா, மாடல் எக்ஸாம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கூட்டிட்டு வாங்க.